சிவப்பு விளக்கும் சங்கத்தின் வண்டியும்

— ஒரு கூட்டுறவு ஆய்வாளர்

கூட்டுறவுச் சங்கத்திற்குக் கிடங்கும் தராசும் எவ்வளவு இன்றியமையாதனவோ, இந்நாளில் வண்டியும் அவ்வளவு இன்றியமையாததாகிவிட்டது. நெசவாளர் சங்கத்திற்கு நூற் சிப்பங்களை ஏற்றி வருவதும், நெய்து முடித்த சேலைகளையும் துண்டுகளையும் கோ-ஆப்டெக்ஸ் கிடங்கிற்குக் கொண்டு சேர்ப்பதும் வண்டியே. மிளகாயும் பருத்தியும் பயறு வகைகளும் விளைவிக்கும் அங்கத்தினரின் மூட்டைகள் விருதுநகர்ச் சந்தைக்குச் செல்வதும் வண்டியிலேதான். மக்கள் ‘சின்ன யானை’ என்று செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டி முதல் பெரிய லாரி வரை, சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு வண்டியேனும் இல்லாமல் சங்கத்தின் காரியம் நடப்பது அரிது.

வண்டியின் விலை என்ன, டீசல் செலவு எவ்வளவு, ஓட்டுநரின் சம்பளம் எவ்வளவு என்பவையெல்லாம் பொதுக்குழுவில் விவாதிக்கப்படுகின்றன. ஆனால் ஓட்டுநருக்கு எதிரே, அவர்கள் ‘மீட்டர் போர்டு’ என்று சொல்லும் பலகையில் எரியும் சிறு விளக்குகளைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் எவரும் கேட்பதில்லை. வண்டியின் ஆயுளும், அதில் செல்வோரின் உயிரும், சங்கத்தின் பொருளும் அவ்விளக்குகளோடு பிணைக்கப்பட்டுள்ளன. ஆதலின் அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, எது எரிந்தால் என்ன செய்ய வேண்டும், அதில் ஓட்டுநரின் கடமை எது, நிர்வாகக் குழுவின் கடமை எது என்பவற்றை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

முள்ளிலிருந்து விளக்கிற்கு

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் எச்சரிக்கை விளக்குகள் இல்லை. எண்ணெயின் அழுத்தத்தைக் காட்ட ஒரு முள், மின்சாரத்தின் போக்கைக் காட்ட ஒரு முள் என்று கடிகாரம் போன்ற கருவிகளே இருந்தன. முள் நிற்கும் இடத்தைப் படித்துப் பொருள் காணும் பொறுப்பு ஓட்டுநருடையது. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் தன் கார்களில் முள்ளுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்குகளைப் பொருத்தியது. முள்ளைப் படிக்கத் தெரியாதவர்க்கான விளக்கு என்று பொருள்பட, ‘முட்டாள் விளக்கு’ என்று அதனை அந்நாட்டார் கேலி செய்தனர். ஆயினும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டுபவர்க்கு முள்ளைவிட விளக்கே உதவியது. பின்னர் எல்லா நாட்டு வண்டிகளிலும் அது இடம்பெற்றது.

விளக்கின்மேல் எழுத்தில்லாமல் படம் இருப்பதற்கும் காரணம் உண்டு. எந்நாட்டில் செய்த வண்டியையும் எம்மொழி பேசுபவரும் ஓட்டக்கூடும். ஆகவே எண்ணெய்க் குப்பி, பேட்டரிப் பெட்டி, நீரில் நிற்கும் வெப்பமானி, வட்டத்திற்குள் ஆச்சரியக்குறி முதலிய சின்னங்களை உலகத் தர நிர்ணய நிறுவனம் தனது 2575ஆம் எண் தரத்தில் வகுத்துள்ளது. ஆங்கிலம் அறியாத ஓட்டுநரும் இவற்றை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

நிறத்தின் பொருளும் எளிது. சிவப்பு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துக என்று பொருள். மஞ்சள் எரிந்தால் வண்டி ஓடும், ஆனால் விரைவில் பட்டறைக்குச் செல்க என்று பொருள். பச்சையும் நீலமும் செய்தி மட்டுமே. திரும்பும் விளக்கு போட்டிருப்பதைப் பச்சையும், முகப்பு விளக்கு உயர்த்தி எரிவதை நீலமும் தெரிவிக்கின்றன.

தறியும் பம்பு செட்டும்

நம் அங்கத்தினர் அறிந்த இரு சாதனங்களோடு ஒப்பிட்டால் இவ்விளக்குகளின் இயல்பு நன்கு விளங்கும்.

தானியங்கி விசைத்தறிகளில் ஒவ்வொரு பாவு இழையின்மேலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு கீழே விழும்; விழுந்தவுடன் மின்சுற்று மூடிக்கொள்ளும்; தறி தானே நின்றுவிடும். நெசவாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் துணி கெடாது. வண்டியின் விளக்கோ பெரும்பாலும் அவ்வாறன்று. எண்ணெய் அழுத்தம் அறுந்துபோனாலும் பெரும்பாலான வண்டிகள் தாமே நிற்பதில்லை. விளக்கு எரிந்து செய்தியைச் சொல்லும். நிறுத்துவது மனிதன் கையில் உள்ளது.

இனி, கிணற்றடியில் உள்ள ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாருங்கள். மூன்று பேஸ்களுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று விளக்குகள். மூன்றும் எரிந்தால் நலம். ஒன்று அணைந்தால் மோட்டாரைப் போடலாகாது. அங்கே பல்பு கெட்டுப்போனால் வீண் அச்சம் உண்டாகுமே தவிர, இழப்பு உண்டாகாது. வண்டியிலோ எரிவது கேடு, அணைந்திருப்பது நலம். ஆகவே வண்டியில் பல்பு கெட்டுப்போனால் ‘எல்லாம் நலம்’ என்ற பொய்ச்செய்தியே கிடைக்கும்.

இப்பொய்யைக் கண்டுபிடிக்கவே ஒரு சோதனையை வண்டி செய்வோர் அமைத்துள்ளனர். சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் சிறிது நேரம் பார்த்தால், முக்கியமான எச்சரிக்கை விளக்குகள் அனைத்தும் எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பியபின் அவை அணைய வேண்டும். முதலில் எரியாத விளக்கும் கெட்டது. பின்னர் அணையாத விளக்கும் குறை சொல்வது. நாள்தோறும் காலையில் இதற்கு வேண்டுவது 10 விநாடிக்கும் குறைவான நேரமே. பழைய வண்டியை விலைக்கு வாங்கும் சங்கத்தார் முதலில் செய்ய வேண்டுவதும் இச்சோதனையே. குறையை மறைக்கப் பல்பைக் கழற்றிவிட்டு விற்போரும் உண்டு.

எண்ணெய் விளக்கு

விளக்குகளுள் தலையாயது எண்ணெய்க் குப்பிச் சின்னம். எஞ்சினின் அடித்தட்டில் உள்ள எண்ணெயை ஒரு பம்பு அழுத்தத்தோடு மேலே அனுப்புகிறது. கிராங்குத் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல், அவற்றிடையே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அப்படலத்தின்மேல் மிதந்துகொண்டே தண்டு நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது.

எண்ணெய் செல்லும் வழியில் ஒரு சிறு சுவிட்சு உண்டு. அதனுள் ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும் இருக்கும். அழுத்தம் இல்லாதபோது வில் தள்ளி மின்தொடர்பை மூடும், விளக்கு எரியும். அழுத்தம் வந்தவுடன் எண்ணெய் சவ்வைத் தள்ளித் தொடர்பைப் பிரிக்கும், விளக்கு அணையும். இதனை நன்கு நினைவிற் கொள்ள வேண்டும்: இவ்விளக்கு எண்ணெயின் அளவைச் சொல்வதன்று, அழுத்தத்தைச் சொல்வது. எண்ணெய் நிறைய இருந்தும் பம்பு பழுதானால் விளக்கு எரியும். எண்ணெய் குறைந்திருந்தும் பம்பிற்கு எட்டும் வரையில் விளக்கு எரியாமலும் இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை அளவுக் கம்பியை உருவிப் பார்க்கும் வேலையை விளக்கிடம் ஒப்படைத்துவிட முடியாது.

ஓடும்போது இவ்விளக்கு எரிந்தால், ‘அடுத்த ஊர் வரை போய்விடலாம்’ என்பது கூடாது. படலம் போய்விட்டால் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, சில நிமிடங்களில் பேரிங் உருகி எஞ்சின் இறுகிவிடும். உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். சமதரையில் சற்றுப் பொறுத்து அளவைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் உரிய எண்ணெயை ஊற்றிப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மீண்டும் கிளப்பலாகாது. கட்டி இழுத்துச் செல்வதே வழி. கோடையில் நெடுந்தூரம் ஓடி நின்றபின், எஞ்சின் மெதுவாக ஓடுகையில் மட்டும் விளக்கு மினுக்குமானால், அது வரப்போகும் கேட்டின் முதல் அறிகுறி. சூட்டினால் எண்ணெய் இளகியிருக்கும். அளவு குறைந்திருந்தாலோ, பம்போ பேரிங்கோ தேய்ந்திருந்தாலோ அழுத்தம் நிற்காது.

பேட்டரி விளக்கு

பேட்டரிச் சின்னம் எரிந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரைப் பற்றியது. பழைய அமைப்பில் இவ்விளக்கு ஒருபுறம் பேட்டரியோடும் மறுபுறம் ஆல்டர்னேட்டரோடும் இணைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் ஓடாதபோது பேட்டரியின் பக்கம் மட்டும் மின்னழுத்தம் இருப்பதால், மின்சாரம் விளக்கின் வழியே பாய்ந்து அதை எரிக்கும். ஆல்டர்னேட்டர் சுழன்று மின்சாரம் உண்டாக்கத் தொடங்கியதும் இருபுறமும் அழுத்தம் சமமாகிறது. இரு தட்டிலும் எடை சமமான தராசு அசையாமல் நிற்பதுபோல, மின்சாரமும் பாயாது நிற்கும், விளக்கு அணையும்.

ஓடும்போது இது எரிந்தால் வண்டி உடனே நின்றுவிடாது. பேட்டரியில் உள்ள சேமிப்பு தீரும் வரை ஓடும். வரவு நின்றபின் முதலை எடுத்துச் செலவு செய்யும் சங்கத்தின் நிலை அது. ஆனால் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டே, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்தால் முதலில் எரிவது பேட்டரி விளக்கு. சிறிது நேரத்தில் எஞ்சின் கொதிக்கும். ஆதலின் இவ்விளக்கைக் கண்டால் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பெல்ட்டைப் பார்த்தபின்பே மேற்செல்வதா என்று முடிவு செய்ய வேண்டும்.

வெப்ப விளக்கு

கத்திரி வெயிலில் சாத்தூர்ச் சாலையில் பாரம் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இதுவே பெரிய சோதனை. நீரின் வழியில் உள்ள சென்சாரின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். அம்மாறுதலைக் கொண்டு வண்டியின் கணிப்பொறி வெப்பத்தைக் கணக்கிட்டு, வரம்பு கடந்தால் சிவப்பு விளக்கை ஏற்றுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நீர் முழுவதும் ஒழுகிப் போய்விட்டால் சென்சார் நீரில் நனையாமல் நின்று, வெப்பத்தைச் சரியாகக் காட்டாமலும் போகலாம். ஆகவே புறப்படுமுன் நீரின் அளவைக் கண்ணால் பார்ப்பதும் அவசியம்.

விளக்கு எரிந்தபின் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பேராபத்து. மூடிய நிலையில் அழுத்தம் இருப்பதால் நீர் 100 பாகை கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, அக்கணமே கொதித்து முகத்தில் பீறிடும். நன்றாக ஆறிய பின்னரே திறக்க வேண்டும். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரை வாரி ஊற்றினால் உலோகம் வெடிக்கவும் கூடும். நம் பகுதியின் உவர் நீரை வழக்கமாக ஊற்றினால் உட்புறத்தில் உப்புப் படிந்து வழி அடைபடும். கூலண்ட் திரவத்தின் விலையைப் பார்த்துக் கிணற்று நீரை ஊற்றுவது சிக்கனமாகாது.

பிரேக் விளக்கு

வட்டத்திற்குள் ஆச்சரியக்குறி கொண்ட சிவப்பு விளக்கிற்குப் பெரும்பாலும் இரண்டு வேலைகள். கை பிரேக் போட்டிருந்தாலும் எரியும். பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். ஆயில் கிண்ணத்தில் உள்ள மிதவை கீழே இறங்கியதும் மின்சுற்று மூடும். கை பிரேக்கை விடுவித்த பின்னும் விளக்கு அணையவில்லை எனில், ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது தீர்வாகாது. ஆயில் எங்கே ஒழுகுகிறது, அல்லது பிரேக் கட்டைகள் தேய்ந்து ஆயில் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். பெரிய லாரிகளில் காற்று பிரேக் இருக்கும். காற்றழுத்தம் குறைந்தால் விளக்கோடு ஒலியும் எழும். காற்று நிரம்பி ஒலி அடங்குமுன் வண்டியை நகர்த்தலாகாது.

ஏ.பி.எஸ். என்ற மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால், சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக்கூடும். அதுவும் சிவப்பு பிரேக் விளக்கும் ஒருங்கே எரிந்தால் நிறுத்துவதே கடமை.

பிரேக்கைப் பற்றி நம் மாவட்டத்தார் மற்றவரினும் அதிகமாகக் கவலைப்பட வேண்டிய காரணம் ஒன்று உண்டு. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் சிவகாசியிலிருந்து பட்டாசுச் சரக்கு லாரிகள் இடைவிடாது புறப்படுகின்றன. அவ்வண்டிகளுக்கு 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளில் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. நம் சங்க வண்டி பட்டாசு ஏற்றுவதில்லை. ஆனால் அதே சாலையில் அவற்றின் பின்னாலேயே செல்கிறது. பிரேக் குறையுள்ள வண்டி ஒரு பட்டாசு லாரியின்மீது மோதினால் என்ன ஆகும் என்பதை இம்மாவட்டத்தில் எவர்க்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மஞ்சள் விளக்குகள்

முற்காலத்தில் ஒவ்வொரு விளக்கிற்கும் தனிக் கம்பி இருந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘கேன்’ என்னும் முறையில், வண்டியின் பல கணிப்பொறிகள் ஒரே இணைக் கம்பியின் வழியே பேசிக்கொள்கின்றன. இதனால் ஒரு சென்சாரின் செய்தி பல பகுதிகளுக்கும் பயன்படுகிறது. எஞ்சின் வடிவுள்ள மஞ்சள் விளக்கும் கணிப்பொறியால் இயங்குவதே. புகை, எரிபொருள், காற்று ஆகியவற்றின் அளவில் குறை கண்டால் கணிப்பொறி ஒரு குறியெண்ணை நினைவில் எழுதி வைத்து விளக்கை ஏற்றும். பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்தி அந்த எண்ணைப் படிக்கலாம். பெட்ரோல் வண்டியில் இது விட்டுவிட்டு மினுக்கினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிப் பெட்டியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து உடனே பட்டறைக்குச் செல்ல வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய வண்டிகளுக்குப் பாரத் நிலை 6 என்னும் புகைக் கட்டுப்பாடு வந்துள்ளது. அதன்பின் வந்த டீசல் லாரிகள் பலவற்றில், ஓட்டுநர்கள் ‘யூரியா’ என்று சொல்லும் திரவம் தனித் தொட்டியில் ஊற்றப்படுகிறது. அது குறைவதை விளக்கு முன்கூட்டியே சொல்லும். அசட்டை செய்தால் எஞ்சின் தன் வலிமையைத் தானே குறைத்துக்கொள்ளும். தறியைப் போல வண்டியே முடிவெடுக்கும் இடம் இது. டீசல் வடிகட்டியில் நீர் சேர்ந்தாலும் ஒரு விளக்கு உண்டு. நீர் மின்சாரத்தைக் கடத்தும், டீசல் கடத்தாது என்ற இயல்பே அதற்கு அடிப்படை.

கறுப்பு நாடாவும் குறிப்பேடும்

ஆய்வின் பொருட்டு ஒரு சங்கத்திற்குச் சென்றபோது, அதன் வண்டியில் எஞ்சின் விளக்கின்மேல் கறுப்பு இன்சுலேஷன் நாடா ஒட்டப்பட்டிருக்கக் கண்டேன். ‘கண்ணை உறுத்துகிறது’ என்பதே கிடைத்த விடை. பேட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்போரும் உளர். அதனால் சில வண்டிகளில் குறியெண் அழியுமே ஒழிய, குறை அழிவதில்லை. கணக்கில் குறை கண்ட தணிக்கை அறிக்கையைக் கிழித்தெறிந்தால் கணக்கு நேராகுமா?

மற்றொரு சங்கத்தில் எஞ்சினை முழுவதும் பிரித்துக் கட்டியதற்கான ரசீது இருந்தது. அவ்வாண்டு அங்கத்தினர்க்குச் சேர வேண்டிய லாப ஈவில் பெரும் பகுதியை அது விழுங்கியிருந்தது. வண்டிக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, எஞ்சின் இறுகுவதற்கு நான்கு நாள் முன்னரே ‘ஆயில் லைட் மினுக்குகிறது’ என்று ஓட்டுநர் எழுதியிருந்தார். அவ்வரிக்குக் கீழே எவர் கையொப்பமும் இல்லை. ஏன் வண்டியை நிறுத்தவில்லை என்று வினவியபோது அவர் சொன்னார்: “வண்டி நின்றால் ஏன் நின்றது என்று கேட்க ஆள் உண்டு ஐயா. லைட் எரிகிறது என்று சொன்னால் கேட்கத்தான் ஆள் இல்லை.”

இச்சொல்லில்தான் நோயின் வேர் உள்ளது. ஓட்டுநர் அறியாதவர் அல்லர். விளக்கும் தன் கடமையைச் செய்தது. நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை மட்டும் அச்சங்கம் முடிவு செய்திருக்கவில்லை. தனியார் வண்டியில் ஓட்டுநரே பெரும்பாலும் உடைமையாளர். நட்டம் தம்முடையது என்பதால் நிறுத்துவார். பலருக்குப் பொதுவான வண்டியிலோ, தாமதத்தின் பழி ஒருவர் தலையில் விழுகிறது. எஞ்சினின் நட்டம் எல்லார் தலையிலும் பரவிவிடுகிறது.

சங்கம் செய்ய வேண்டுவன

முதலாவது, சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தும் முழு அதிகாரம் ஓட்டுநருக்கு உண்டு என்றும், அதனால் நேரும் தாமதத்திற்கு அவர் பொறுப்பல்லர் என்றும் நிர்வாகக் குழு தீர்மானம் எழுதுதல் வேண்டும். வாடகை வண்டியின் ஒப்பந்தத்திலும் இதனைச் சேர்க்கலாம்.

இரண்டாவது, வண்டிக் குறிப்பேட்டில் ‘விளக்குச் சோதனை’ என்று ஒரு பத்தி திறந்து, காலையில் சாவி திருப்பிக் கண்டதை ஓட்டுநர் எழுத, செயலாளர் அன்றே கையொப்பமிட வேண்டும்.

மூன்றாவது, வண்டியை இழுத்து வரவும் அவசரப் பழுது பார்க்கவும் ஒரு வரம்பிற்குட்பட்ட தொகையைக் கூட்டத்திற்குக் காத்திராமல் செலவிடச் செயலாளருக்கு முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். பணம் எடுக்க வழியில்லாத இடத்தில் நிறுத்தும் அதிகாரம் ஏட்டளவில் நின்றுவிடும்.

நான்காவது, விளக்கை மறைத்தல், பல்பைக் கழற்றுதல், எரிந்த ஃபியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பி சுற்றுதல் ஆகியவற்றைத் தடை செய்ய வேண்டும். ஃபியூசு உருகுவது கம்பி தீப்பற்றாமல் காப்பதற்கே. நூலும் துணியும் பருத்தியும் ஏற்றும் வண்டியில் தீப்பொறிக்கு இடம் தரலாமா?

இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு தீர்மானமும், குறிப்பேட்டில் ஒரு பத்தியும், நாள்தோறும் ஒரு கையொப்பமும் போதும். அடுத்த பொதுக்குழுவில் வண்டிச் செலவு பற்றிய விவாதம் வரும்போது, ‘விளக்குச் சோதனைப் பத்தியில் கையொப்பம் உள்ளதா?’ என்ற வினாவை அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுப்புவாராக. உழைப்பால் சேர்த்த பொதுப் பொருளைக் காக்கும் கடமையில் அதுவும் ஒன்றாகும்.